பொன்னாடை வேணாம், பியானோவ டியூன் பண்ணித் தாங்க

மட்டக்களப்பில் பீத்தோவனைக் கேட்காத வீடு இல்லை. பின்னேரம் ஒழுங்கைக்குள் வரும் பாண் ஓட்டோவின் ஒலிபெருக்கியில் போகிறது அவருடைய மெட்டுத்தான். 1810இல் எழுதிய ‘எலிசாவுக்காக’ என்ற சின்னப் பியானோத் துண்டு. பணிஸ் வாங்க ஓடிவரும் பிள்ளைகளுக்கு அதன் முதல் ஒன்பது சுரமும் மனப்பாடம்.

அந்த மெட்டைக் கன்னியர் மடத்துப் பியானோ ஒன்றில் ஒற்றை விரலால் தேடித் தேடிக் கண்டுபிடித்த ஒரு பிள்ளை, இப்போது லண்டனில் ஓர் இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டே மேடைகளில் வாசித்து வருகிறாள். இந்த வருடம் உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வரும் சனிக்கிழமை பின்னேரம், புளியந்தீவில் ஒரு பழைய பள்ளிக்கூட மண்டபத்தில் விருந்தினராக வந்து தனியாக வாசிக்கப்போகிறாள். ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருக்கிறேன். “என்னப் பத்தி எழுதாதீங்க அக்கா, வாசிக்கப்போறதப் பத்தி எழுதுங்க” என்று கேட்டுக்கொண்டதால் அவள் பெயரை இங்கே போடவில்லை.

முதல் கூட்டத்திலேயே நிகழ்ச்சி நிரல் தயாராகிவிட்டது. மங்கள விளக்கேற்றல், மௌன இறைவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, பிரதம அதிதி உரை, பொன்னாடை, நினைவுச் சின்னம், நன்றியுரை. இவற்றுக்கு நடுவில் ‘பியானோ இசை’ என்று ஒரு வரி. எல்லாரும் அன்பாகத்தான் யோசித்தார்கள். ஊர்ப் பிள்ளை ஒன்று பேரெடுத்து வந்தால் கௌரவிக்க நமக்குத் தெரிந்த வழி அதுதான். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் அவள் குரல் பதிவொன்று அனுப்பினாள்: “அக்கா, பொன்னாடையெல்லாம் வேணாங்கா. அந்தக் காசில பியானோவ டியூன் பண்ணித் தாங்க. அது போதும் எனக்கு.”

அவள் கேட்டது முழுக்க நியாயம். பொன்னாடை போர்த்தியவுடன் நம் கடமை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஒரு கலைஞருக்கு வேண்டியது இரண்டுதான். கையில் சரியான வாத்தியம், எதிரில் கேட்கிற சனம். அந்த இரண்டையும் இந்த ஊர் பியானோவுக்கு இதுவரை ஒழுங்காகக் கொடுத்ததில்லை என்பது என் எண்ணம்.

பியானோ இங்கே புதிதாக வந்த சாமானும் இல்லை. 1814இல் மெதடிஸ்த மிஷனரி ஒருவர் மட்டக்களப்புக்கு வந்தார். 1873இல் புனித மிக்கேல் கல்லூரி தொடங்கியது. பெண் பிள்ளைகளுக்கென்று எழுந்த கத்தோலிக்கப் பாடசாலைக்கு இசையின் பாதுகாவலியான புனித சிசிலியாவின் பெயரையே வைத்தார்கள். மிஷன் பள்ளிக்கூடம் வந்த இடமெல்லாம் கீதம் வந்தது, கீதத்தோடு ஓர்கனும் பியானோவும் வந்தன. டச்பார் பக்கத்துப் பறங்கியர் குடும்பங்களிலோ வயலினும் கஃப்ரிஞ்ஞா ஆட்டமும் கலியாண வீட்டோடு பிறந்த சங்கதி. ஆனால் பியானோவுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். அதற்கு மேல் பின்னல் துணி விரித்தோம், பூச்சாடி வைத்தோம், விளையாட்டுப் போட்டிக் கிண்ணங்களை அடுக்கினோம். மூடியைத் திறக்கும் நாள் குறைந்துகொண்டே போனது.

எங்கள் பிள்ளைக்கு வாய்த்தது ஒரு வயதான சிஸ்டர். மேடைக் கச்சேரி செய்தவரில்லை, பட்டம் பெற்றவருமில்லை. ஆனால் பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் கதிரை போட்டு இருந்து கடைசிச் சுரம் அடங்கும்வரை கேட்பார். கேட்டு முடித்ததும் வேறொரு கீதப் புத்தகத்தைத் திறந்து “இத வாசி மகள்” என்பார். பிள்ளை அதை முன்பின் கண்டிருக்காது. பிழைத்தாலும் நிற்காமல் கடைசிவரை போகவேண்டும் என்பது ஒன்றுதான் சட்டம். அப்படியே பத்துப் பன்னிரண்டு வயதில் ஞாயிறு பூசைக்கு வாசிக்கத் தொடங்கினாள். பூசைக்கு வாசிப்பது லேசான வேலையில்லை. சனம் இழுத்துப் பாடும், அதோடு போகவேண்டும். காலைப் பூசையில் தொண்டை திறக்காது, பாடகர் குழுத் தலைவர் திரும்பிப் பார்த்து “அரைச் சுரம் இறக்கும்மா” என்பார், அந்த இடத்திலேயே இறக்கவேண்டும். குருவானவர் நற்கருணை கொடுத்து முடியும்வரை பாட்டை நீட்டவேண்டும். பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதை விரலால் உணரும் பழக்கம் அவளுக்கு அங்கே வந்தது. நானும் அந்தக் குழுவில் பாடியவள். நாங்கள் மூச்சுக்குத் திணறும் இடத்தில் அவள் ஒரு நொடி பொறுப்பாள், யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இதை விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் பியானோ படிப்பு என்றால் கிரேட் எக்ஸாம். ராயல் ஸ்கூல்ஸ், இல்லாவிட்டால் டிரினிட்டி. 1889இல் லண்டனில் தொடங்கிய ராயல் ஸ்கூல்ஸ் சபையின் பரீட்சைக்கு மூன்று பாட்டு வாசிக்கவேண்டும், அதோடு ஸ்கேல், பார்த்த மாத்திரத்தில் வாசித்தல், காதுப் பரீட்சை. மொத்தம் 150 புள்ளி. 100 எடுத்தால் பாஸ், 120க்கு மெரிட், 130க்கு டிஸ்டிங்ஷன். நல்ல ஒழுங்குதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை வருடம் முழுக்க அந்த மூன்று பாட்டை மட்டும் திருப்பித் திருப்பி வாசித்து, பரீட்சை முடிந்ததும் அவற்றையும் மறந்து, அடுத்த மூன்றுக்குப் போகிறது. எட்டாம் கிரேட் முடியும்போது கையில் எட்டுச் சான்றிதழும் இருபத்துநாலு பாட்டும். அந்த இருபத்துநாலையும் பரீட்சகரைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்கள். அதற்குள் ஏ.எல். வந்துவிடும். டியூஷன் வந்துவிடும். சான்றிதழ் கோவைக்குள் போகும், பியானோவுக்கு மறுபடி பின்னல் துணி.

எத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகளை இப்படி இழந்திருக்கிறோம் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அவர்கள் விட்டதற்குச் சோம்பல் காரணமில்லை. யாருக்காக வாசிப்பது என்ற கேள்விக்கு ஊரில் பதில் இருக்கவில்லை. இவளுக்குப் பதில் இருந்தது. சிஸ்டர் கேட்டார், பூசைக்கு வந்த சனம் கேட்டது.

பிறகு கொழும்பில் ஓர் ஆசிரியை ஏற்றுக்கொண்டார். வெள்ளி இரவு பஸ், சனி காலை வகுப்பு, சனி இரவு திரும்பவும் பஸ், ஞாயிறு பூசை. அப்பாவோ மாமாவோ கூடப் போவார்கள். டிப்ளோமாப் பரீட்சைக்கு ஆயத்தமான நேரத்தில்தான் 2022 வந்தது. அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. வீடுகளில் இருந்த டிஜிட்டல் பியானோக்கள் வாயடைத்துப் போயின. மடத்துப் பழைய பியானோவுக்கு மின்சாரம் தேவையில்லை. மெழுகுதிரியை மூடி மேல் வைத்தால் உருகி உள்ளே விழும் என்று சிஸ்டர் பக்கத்துக் கதிரையில் வைத்துக் கையால் காற்றை மறைத்துக்கொண்டு இருப்பார். பார்த்து வாசிக்க வெளிச்சம் போதாததால் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாள். இன்றைக்கும் அவள் மேடையில் தாள் வைப்பதில்லை.

லண்டன் வாழ்க்கையைப் பற்றி நிறையச் சொல்லவேண்டியதில்லை. பாதிப் புலமைப்பரிசில், மீதிக்கு உறவினரின் கையும் அவள் உழைப்பும். வார நாட்களில் பாடகர்களுக்கும் வயலின் வாசிப்போருக்கும் பக்கம் வாசிக்கிறாள், மாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை அங்கேயும் பூசைதான். ‘தனிக் கச்சேரி எப்போது?’ என்று இங்கே கேட்பவர்கள் பக்கம் வாசிப்பதைச் சின்ன வேலையாக நினைக்கிறார்கள். இலங்கையில் பிறந்த ரோகன் டி சில்வா, இட்சாக் பெர்ல்மன் என்ற பெரும் வயலின் கலைஞருக்குப் பல்லாண்டுகளாகப் பியானோ வாசித்து உலகம் சுற்றியவர். பக்கம் வாசிப்பவர் எதிராளி வாசிப்பதையும் தன் வாசிப்பையும் ஒருசேரக் கேட்கவேண்டும். அப்படிக் கேட்டுப் பழகியவளின் தனி வாசிப்பில் ஒரு பொறுமை இருக்கிறது. அவசரப்பட்டுத் திறமை காட்டும் இடம் ஒன்றுகூட இல்லை.

இப்போது பியானோ.

மண்டபத்தில் இருப்பது இங்கிலாந்தில் செய்த நிமிர்ந்த பியானோ. கிராண்ட் பியானோ ஒன்றைக் கொழும்பிலிருந்து லொறியில் கொண்டுவரலாமா என்று பேசினோம். கூலியும் காப்புறுதியும் கேட்டதும் பேச்சு நின்றது. இருப்பதையே திருத்துவோம் என்று முடிவாயிற்று. அவளும் அதைத்தான் விரும்பினாள்.

டியூன் செய்பவர் கொழும்பிலிருந்து ரயிலில் வந்தார். முதுமையிலும் கை நடுங்காத மனிதர். கீழ்ப்பலகையைக் கழற்றியதும் அடியில் பழைய ஐம்பது சத நாணயம், பென்சில் துண்டு, கன்னி மாதாவின் சின்னப் படம் ஒன்று. அவர் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு டோர்ச் வெளிச்சத்தில் கம்பிகளைக் காட்டினார். தாழ்ந்த சுரங்களின் செப்புச் சுற்றுக் கம்பிகள் பச்சை பூத்திருந்தன. நடுவில் உருக்குக் கம்பிகளில் துரு. சுத்தியல்களின் கம்பளி மெத்தையில் அந்து தின்ற குழிகள். விரலால் தொட்டு முகர்ந்து “உப்பு, மிஸ்” என்றார்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற ஊரில் பியானோ படும் பாடு தனி. ஒலிப்பலகை மரம். வாடைக் காற்றோடு மாரி இறங்கினால் அது ஈரம் குடித்து உப்பும், கம்பிகளை மேலே தள்ளும், சுரம் ஏறும். சில கட்டைகள் அமுக்கினால் எழும்பவே மாட்டா. ஆனி ஆடியில் கச்சான் வீசத் தொடங்கியதும் அதே மரம் வற்றிச் சுருங்கும், சுரம் இறங்கும். வருடத்துக்கு ஒருமுறை இப்படி மூச்சு இழுத்து விடுகிற மரத்தில் கம்பிகளை முறுக்கிப் பிடிக்கும் முளை ஆணிகள் எவ்வளவு காலம் பிடித்து நிற்கும்? அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்காரர்கள் வெப்ப நாடுகளுக்கென்றே பித்தளைத் திருகாணி போட்டுப் பியானோ செய்தார்கள். நம் மூத்தவர்கள் மாரி முழுக்க உள்ளே ஒரு குண்டு பல்ப் எரியவிட்டார்கள். நாங்கள் அந்தப் பல்பைத் திரும்பவும் பூட்டியிருக்கிறோம்.

பியானோவில் 88 கட்டை, ஆனால் கம்பி ஏறத்தாழ 230. மேற்சுரங்களில் ஒரு கட்டைக்கு மூன்று கம்பி, கீழே போகப்போக இரண்டு, அடியில் ஒன்று. எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 15 தொன்னுக்கும் மேல். எங்கள் பியானோ அரைச் சுரத்துக்கும் கீழே இறங்கிக் கிடந்தது. ஒரே மூச்சில் சரியான சுருதியான 440 ஹெர்ட்ஸுக்கு இழுத்தால் கம்பி அறும் என்று சொல்லி, அவர் முதல் நாள் முரட்டுக் கணக்கில் ஏற்றிவிட்டு இரவு முழுக்க ஆறவிட்டார். மறுநாள்தான் நுணுக்கமான வேலை. மூன்று கம்பியில் இரண்டைக் கம்பளி நாடாவால் அடக்கி, ஒன்றை மட்டும் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். இரண்டு சுரம் ஒன்றோடொன்று உரசும்போது எழுகிற அந்த ‘வ்வோவ் வ்வோவ்’ அலை வேகத்தை வைத்தே அவர் கணக்குப் போடுகிறார்.

எங்கள் குழுவில் கர்நாடக சங்கீத டீச்சர் ஒருவர் இருக்கிறார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், “இந்தக் காந்தாரம் கொஞ்சம் கூட நிக்குதே” என்றார். டியூன் செய்பவர் திரும்பி முகம் மலரச் சிரித்தார். உண்மை அதுதான். பியானோவில் பன்னிரண்டு சுரத்தையும் சம இடைவெளியில் வைப்பதால் அந்தரகாந்தாரம் இயற்கையான இடத்திலிருந்து ஒரு அரைச் சுரத்தின் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு மேலே போய் நிற்கிறது. தம்பூராவோடு வளர்ந்த காது அதைப் பிடித்துவிடும். எல்லாச் சுருதியிலும் வாசிக்கவேண்டும் என்பதற்காகப் பியானோ கொடுக்கும் விலை அது. இவர்கள் இருவரும் பாதிச் சிங்களத்திலும் பாதித் தமிழிலும் அதைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். காரைதீவில் பிறந்து, மட்டக்களப்பில் படித்து, பழந்தமிழர் யாழின் நரம்புகளைக் கணிதத்தால் அளந்து 1947இல் அந்த ஆராய்ச்சியை வெளியிட்ட விபுலாநந்த அடிகள் நடந்த மண்ணில் இந்தப் பேச்சு நடப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

பியானோவைப் பார்த்துத்தான் அவள் நிகழ்ச்சியையே அமைத்தாள். ஒவ்வொரு கட்டையையும் மெல்லத் தட்டி, வேகமாகத் தட்டி, காணொளி எடுத்து அனுப்பச் சொன்னாள். நிமிர்ந்த பியானோவில் கட்டை ஏறக்குறைய முழுதாக மேலே வந்த பிறகுதான் அடுத்த அடி விழும். கிராண்ட் பியானோவில் பாதி எழும்பினாலே திரும்ப அடிக்கலாம், 1821இல் பியானோ செய்பவரான ஏரார் அமைத்துவைத்த பொறி அதற்கு உதவுகிறது. ஆகவே ஒரே சுரம் சடசடவென்று திரும்ப வரும் பாட்டுக்களை அவள் எடுத்துவிட்டாள். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் பாட்டு அப்படிப் போயிற்று. எனக்கு அதில் வருத்தமில்லை. வந்து நிற்பவை பாக், பீத்தோவன், டெபுஸி.

பாக் ஆரம்பத்துக்கு, அவருடைய 1722 தொகுப்பிலுள்ள சி மைனர் முகவுரையும், ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் ஃபியூகும், நாலு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

பீத்தோவன்தான் நடு. ஒபுஸ் 31இன் இரண்டாவது சொனாட்டா, டி மைனர், 1802 வாக்கில் எழுதியது. காது மங்கத் தொடங்கி அவர் மனமுடைந்திருந்த காலம். ஒரே ஒரு கோர்ட் மெதுவாக விரிந்து கேள்வி மாதிரி நிற்கும், உடனே படபடப்பு, மறுபடி நிற்கும். நடுவில் ஓர் இடத்தில் இடது கை ஓய்ந்துவிட, வலது கை மட்டும் தனியாக ஒருவர் பேசுகிற மாதிரி ஏதோ சொல்லும். அந்த இடம் முழுக்கப் பெடலை எடுக்காதே என்று பீத்தோவன் எழுதி வைத்திருக்கிறார், சுரங்கள் ஒன்றன் மேல் ஒன்று படிந்து மங்கும். இங்கே வளர்ந்த எனக்கு அது ஒப்பாரி சொல்லும் கிழவியின் குரலாகவே கேட்கிறது. கடைசிப் பகுதி ஓயவே ஓயாது, முதலிலிருந்து முடிவுவரை ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று பகுதிக்கும் சேர்த்து ஏறத்தாழ 25 நிமிடம். பகுதிக்கும் பகுதிக்கும் இடையில் கைதட்டாமல் இருந்து பாருங்கள். அந்த அமைதியும் பாட்டோடு சேர்ந்ததுதான்.

டெபுஸியை அவள் எடுத்ததற்குக் காரணம் கேட்கவேண்டியதே இல்லை. 1910இல் வெளியான பன்னிரண்டு முகவுரைகளில் பத்தாவது, ‘மூழ்கிய பேராலயம்’. டெபுஸி அந்தத் தலைப்புகளைப் பாட்டின் தொடக்கத்தில் போடாமல் கடைசிக்குக் கீழே போட்டார், முதலில் கேளுங்கள் பிறகு பாருங்கள் என்பதுபோல. பிரான்சின் பிரித்தானிக் கரையில் கடலுக்குள் அமிழ்ந்துபோன ஒரு நகரத்தைப் பற்றி வழங்கும் கதை அது. தெளிந்த விடியற்காலைகளில் பேராலயம் தண்ணீருக்கு மேலே எழும்பும், மணி கேட்கும், குருமார் பாடுவது கேட்கும், பிறகு எல்லாம் திரும்ப உள்ளே போகும். நமக்கு இந்தக் கதை அந்நியமா? முழுநிலவு இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியில் காதை வைத்துக் கேட்கிற ஊர் இது. 1950களில் புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த அமெரிக்க இயேசு சபைக் குருமார் வாவிக்குள் ஒலிவாங்கி இறக்கி அந்தச் சத்தத்தைப் பதிவுசெய்திருக்கிறார்கள். மீனோ மட்டியோ, தண்ணீருக்கு அடியிலிருந்து பாட்டு வரும் என்பதை நாம் சின்ன வயதிலேயே நம்பிவிட்டோம். மண்டபத்தின் வாவிப் பக்க யன்னல்களைத் திறந்துவைக்கச் சொல்லியிருக்கிறாள்.

நிகழ்ச்சி நிரலைத் திருத்திவிட்டோம். விளக்கேற்றல் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் ஒரு வரவேற்பு. அவ்வளவுதான். ஆறரைக்கு என்றால் ஆறரைக்குத் தொடங்கும், கதவு மூடப்படும். பெரியவர்கள் சிலர் முதலில் முகம் சுளித்தார்கள். முன்வரிசையில் சிஸ்டருக்கு ஒரு கதிரை என்று சொன்னதும் எல்லாரும் சம்மதித்தார்கள். மின்விசிறிகளை வாசிக்கும் நேரம் நிறுத்திவைப்போம், புழுங்கும், பருத்தி உடுத்து வாருங்கள். பொன்னாடைக்கும் நினைவுச் சின்னத்துக்கும் ஒதுக்கிய காசு டியூன் செய்தவரின் கூலிக்கும் ரயில் செலவுக்கும் புதுக் கம்பிகளுக்கும் போய், கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. அதை வைத்து கச்சானுக்கு முன்னும் மாரிக்கு முன்னும் வருடத்துக்கு இரண்டு தரம் அவரை வரவழைப்பது என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தாயிற்று.

கச்சேரிக்கு மறுநாள் ஞாயிறு, பூசை முடிந்து பத்து மணிக்கு, பியானோ படிக்கிற பிள்ளைகளை அவள் அதே மண்டபத்தில் சந்திக்கிறாள். படிப்பிக்க இல்லை, கேட்க. கல்முனை, அக்கரைப்பற்று, வாழைச்சேனைப் பக்கமிருந்தும் வரலாம். கிரேட் எக்ஸாமுக்கு இல்லாத பாட்டு ஒன்று கொண்டு வரவேண்டும் என்பதுதான் நிபந்தனை, பாண் ஓட்டோ மெட்டாக இருந்தாலும் சரி. முதலாம் கிரேட் பிள்ளைக்கும் எட்டாம் கிரேட் பிள்ளைக்கும் ஒரே அளவு நேரம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் பாடகர் குழுவில் யாரிடமாவது சொன்னால் போதும். பெற்றோரும் கூட வந்து உட்காருங்கள், கதிரை நிறைய இருக்கிறது.